காய்ச்சல் மாத்திரைன்னு ஒதுக்கி வெச்சதுதான் கடைசில கை கொடுத்துச்சு

பைல்ஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க யாரும் அதப்பத்தி வெளிய வாயைத் திறக்க மாட்டாங்க, நானும் ஆபீஸ்ல "சின்னதா ஒரு சர்ஜரி"ன்னு மட்டும்தான் சொல்லிட்டு லீவு போட்டேன், எங்கன்னு கேட்டவங்களுக்கு முதுகுல ஒரு கட்டின்னு பொய் வேற சொன்னேன். அந்த வெக்கத்தாலதான் முன்னாடி பண்ணிக்கிட்டவங்க ஒருத்தர்கிட்டயும் கேக்க முடியல, கேட்டிருந்தா பத்து நாள்ல முடிய வேண்டியது பத்தொன்பது நாள் ஆகியிருக்காது, ராத்திரி பத்து மணிக்கு எமர்ஜென்சில போய் நின்னிருக்கவும் மாட்டேன். ஆபரேஷன்ல ஒரு குறையும் இல்ல, டாக்டர் நல்லாத்தான் பண்ணாரு. நான் மாட்டிக்கிட்டது அதுக்கப்புறம் போட்ட வலி மாத்திரையில. சின்ன ஆபரேஷன் எதுக்காவது நாள் குறிச்சிட்டு உக்காந்திருக்கீங்கன்னா, அது பைல்ஸா இல்லாம ஹெர்னியாவோ கடவாய்ப் பல்லோ எதுவா இருந்தாலும், இதை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க. நான் டாக்டர் கிடையாது, பட்டவன் அவ்வளவுதான்.

காலைல போய் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்ங்கிற டே கேர் ஆபரேஷன். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப் போக வெச்சு பண்ணாங்க, காயத்தைச் சுத்தியும் மரப்பு மருந்து போட்டிருந்தாங்க. சாயங்காலம் டிஸ்சார்ஜ் பண்றப்போ ஒரு கவர் நிறைய மாத்திரையும் ஒரு தாளும் குடுத்து ஒரு பொண்ணு வேகவேகமா சொல்லிட்டுப் போச்சு, ஒரு நிமிஷம்கூட இருக்காது, எனக்கோ பாதி மயக்கம், எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டேன். தாள்ல இருந்தது இதுதான்: பாராசிட்டமால் 650 ஒரு நாளைக்கு நாலு வேளை, ஐபுப்ரோஃபென் 400 சாப்பிட்டதும் மூணு வேளை, வயித்துக்கு ஒரு மாத்திரை காலைல, ராத்திரிக்கு 15 மில்லி லாக்டுலோஸ் சிரப், தடவிக்க மரப்பு ஜெல்லி. கடைசில ட்ரமடால்ங்கிற பலமான வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேந்த ஒரு மாத்திரை, 30 எண்ணம், பக்கத்துல "1–2 எஸ்ஓஎஸ், 8 மணி நேர இடைவெளி"ன்னு எழுதியிருந்துச்சு. எஸ்ஓஎஸ்னா எனக்குத் தெரிஞ்சது கப்பல் மூழ்குறப்போ அனுப்புற சிக்னல்தான். சரி, அவசர மாத்திரை, முக்கியமான மாத்திரை, இதைத்தான் விடாம போடணும் போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு மட்டும் மருந்துக்கடைல சீட்டை வாங்கி வெச்சுக்கிட்டு பேர் எழுதி கையெழுத்து வேற வாங்குனாங்க, அப்போ மத்ததை விட இதுதானே பெரிசுன்னு நினைப்பு.

மத்த மாத்திரைங்களுக்கு என்ன ஆச்சுன்னா, பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரை, எனக்குக் காய்ச்சல் இல்ல, வேண்டாம். ஐபுப்ரோஃபென் கிட்னியைக் கெடுத்துடும்னு யாரோ எப்பவோ சொல்லி மனசுல பதிஞ்சிருந்துச்சு, அதுவும் வேண்டாம். லாக்டுலோஸ் மலச்சிக்கலுக்கு, எனக்கு அப்போதைக்கு மலச்சிக்கல் இல்ல, தேவைப்பட்டா பாத்துக்கலாம். இப்படி ஒவ்வொண்ணா ஒதுக்கி, வயித்து மாத்திரையையும் ஜெல்லியையும் தவிர எல்லாத்தையும் கவர்லயே விட்டுட்டு ட்ரமடாலை மட்டும் வெளிய எடுத்து தலைமாட்டுல வெச்சுக்கிட்டேன். அடிப்படையா போட வேண்டியதெல்லாம் கவருக்குள்ள, எப்பவாவது தொட வேண்டியது தலைமாட்டுல. தப்பு இங்கதான் ஆரம்பிச்சது, ஆனா அது தப்புன்னு தெரிய நாலு நாள் ஆச்சு.

மொத நாள் சாயங்காலம் வலியே இல்ல. இவ்வளவுதானா, இதுக்கா ரெண்டு வருஷம் பயந்து தள்ளிப் போட்டோம்னு அக்காவுக்கு போன் பண்ணி பெருமை பேசினேன். "டேய், மரப்பு இறங்கினப்புறம் பேசு"ன்னா அவ. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல இறங்க ஆரம்பிச்சுது பாருங்க, உடைஞ்ச கண்ணாடித் துண்டு மேல உக்காந்த மாதிரி, உக்காரவும் முடியாம படுக்கவும் முடியாம கட்டிலோட ஓரத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பதான் ரெண்டு ட்ரமடால் போட்டேன், அது வேலை செய்யறதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, அந்த முக்கால் மணி நேரம் இப்பவும் ஞாபகம் இருக்கு. இங்க ஒண்ணு சொல்லிடறேன். மரப்பு ஊசியோட வேலை சில மணி நேரம்தான், எவ்வளவு நேரம்ங்கிறது எந்த மருந்து, எங்க போட்டாங்கங்கிறதைப் பொறுத்து மாறும். வலி வரட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு உக்காந்திருக்கக் கூடாது, மரப்பு இறங்கறதுக்கு முன்னாடியே மொத டோஸ் வயித்துக்குள்ள போயிருக்கணும். "மரப்பு எத்தனை மணிக்கு இறங்கும், மொத மாத்திரை எத்தனை மணிக்கு"ன்னு கிளம்பறதுக்கு முன்னாடி கேட்டு நேரத்தை எழுதி வாங்கிக்கோங்க.

ட்ரமடால் எப்படி இருந்துச்சுன்னு உள்ளது உள்ளபடி சொல்றேன். வலி போகல. வலி அங்கேயேதான் இருக்கு, ஆனா அது வேற யாருக்கோ வலிக்கிற மாதிரி, அடுத்த ரூம்ல ஓடுற டிவி சத்தம் மாதிரி ஆயிடுச்சு. ஒரு மிதப்பு, ஒரு நிம்மதி, லோன், வேலை, எதுவுமே பெரிசாத் தெரியல. மறுநாள்லேருந்து ரெண்டு ரெண்டா மூணு வேளை, எட்டு மணி நேரத்துக்கு அலாரம் வெச்சு போட்டேன். கூடவே மத்ததும் வந்துச்சு. எழுந்து நின்னா தலை சுத்தும், மூக்கு நுனி சும்மா அரிக்கும், ராத்திரி பனியன் நனையற அளவுக்கு வேர்வை, யூரின் போகணும்னு நின்னா அஞ்சு நிமிஷம் ஆகும். ரெண்டாம் நாள் காலைல வாந்தி. சாதாரணமா வாந்தி எடுக்குறதுல என்ன இருக்குன்னு தோணும், ஆனா அந்த இடத்துல தையல் இருக்குறப்போ வயித்தை எக்கி வாந்தி எடுத்துப் பாருங்க, பாத்ரூம் தரையில அப்படியே உக்காந்து அழுதுட்டேன், கூட யாரும் இல்லாததால நல்லா சத்தமாவே அழுதேன்.

மூணு நாளாச்சு, மோஷன் வரல. எனக்கு அது நல்ல செய்தியாதான் இருந்துச்சு, போனா வலிக்குமே, வராத வரைக்கும் லாபம்னு நினைச்சேன், சாப்பாட்டையும் கொறச்சுக்கிட்டேன். மூணாம் நாள் சாயங்காலம் கீழ அடைச்ச மாதிரி ஒரு பாரம், போய் உக்காந்தா வரல, முக்கினா உயிர் போகுது. உடனே அந்த வலிக்கும் ட்ரமடால். அது குடலை இன்னும் கொஞ்சம் தூங்க வெச்சுது, அடைப்பு இறுகிச்சு, வலி கூடிச்சு, மறுபடியும் மாத்திரை. செக்கு மாடு மாதிரி நான் அதே வட்டத்துல சுத்திக்கிட்டு இருந்தேன், வலிக்குன்னு போடுற மாத்திரையேதான் அடுத்த வலிக்கு வழி பண்ணுதுன்னு மண்டையில உறைக்கவே இல்ல. இதுக்கு நடுவுல நார்ச்சத்துப் பொடி நல்லதுன்னு எங்கேயோ படிச்சு அதை வேற வாங்கி ரெண்டு ஸ்பூன் போட்டேன், தண்ணியும் சரியா குடிக்கல. பின்னாடிதான் சொன்னாங்க, குடல் நகராம நிக்கிறப்போ பொடியை உள்ள அள்ளிப் போட்டா அது ஊதி இன்னும் அடைக்கத்தான் செய்யும்னு. ட்ரமடால் மாதிரி ஓப்பியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யற வலி மாத்திரை போடுறவங்களுக்கு வேண்டியது குடலை நகர்த்துற மருந்து, இல்லன்னா மலத்துல தண்ணிய சேக்குற மருந்து. வெறும் நாரு போதாது.

நாலாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவுல ஒருக்களிச்சு படுத்துக்கிட்டே எமர்ஜென்சி போனேன். டாக்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு நர்ஸ் வந்தாங்க, அம்பது வயசு இருக்கும். வலி எவ்வளவு, எங்கன்னு எல்லாம் அப்புறம், மொத கேள்வியே "கடைசியா மோஷன் எப்ப தம்பி போனீங்க?" நான் ஆபரேஷனுக்கு மொத நாள்னு சொன்னதும் அவங்க முகத்துல ஒரு ஆச்சரியமும் இல்ல, தினம் பாக்குறது போல. கவரைக் குடுங்கன்னு வாங்கி ட்ரேயில கவுத்தாங்க. பிரிக்காத லாக்டுலோஸ் பாட்டில் உருண்டு போய் ட்ரே ஓரத்துல நின்னுச்சு. முழுசா இருந்த பாராசிட்டமால் அட்டைங்க ஒரு பக்கம், முழுசா இருந்த ஐபுப்ரோஃபென் அட்டைங்க ஒரு பக்கம், பொத்தல் பொத்தலா இருந்த ட்ரமடால் அட்டைங்க மூணும் நடுவுல. எண்ணிப் பாத்தாங்க, ஆறுதான் மிச்சம். "நாலு நாள்ல இருபத்தி நாலா?"ன்னு கேட்டுட்டு என் தாளை எடுத்து எஸ்ஓஎஸ்ங்கிற எழுத்து மேல பேனாவால வட்டம் போட்டாங்க. "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைச்சீங்க?" நான் கப்பல் கதையை சொன்னேன். சிரிக்கல, தலையை மட்டும் ஆட்டினாங்க. அது லத்தீன் வார்த்தையோட சுருக்கமாம், தேவைப்பட்டா மட்டும்னு அர்த்தமாம். அதாவது மத்த மாத்திரையெல்லாம் போட்டும் தாங்க முடியலன்னா மட்டும் தொட வேண்டியது அது.

அவங்க இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினாங்க, அதுதான் என்னை ரொம்ப பயமுறுத்துச்சு. என்னோட ட்ரமடால் மாத்திரை ஒவ்வொண்ணுலயும் ட்ரமடால் 37.5 மில்லிகிராம், கூடவே பாராசிட்டமால் 325 மில்லிகிராம். ஒரு நாளைக்கு ஆறு போட்டா பாராசிட்டமால் மட்டும் 1950. தாள்ல இருந்த 650ஐயும் நான் நாலு வேளை ஒழுங்கா போட்டிருந்தா அது 2600, மொத்தம் 4550. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது, ஒடம்பு எடை கம்மியா இருந்தாலோ கல்லீரல் பிரச்சனையோ குடிப்பழக்கமோ இருந்தாலோ அதைவிடவும் கம்மியாத்தான் போகணும், தாண்டினா கல்லீரலுக்கு ஆபத்து. என் முட்டாள்தனம் ஒண்ணு இன்னொரு முட்டாள்தனத்துலேருந்து காப்பாத்திடுச்சு. சளி மாத்திரை, தலைவலி மாத்திரைன்னு பல பேர்ல இதே பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அதனால அட்டைக்குப் பின்னாடி இருக்குற பொடி எழுத்தைப் படிங்க, கண்ணு தெரியலன்னா போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கியாவது படிங்க. மனஅழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுறீங்களா, குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குமா, தூக்க மாத்திரை உண்டா, குடிப்பீங்களான்னும் வரிசையா கேட்டாங்க. எனக்கு எதுவும் இல்ல. ஆனா இதெல்லாம் ட்ரமடால் எழுதறதுக்கு முன்னாடியே கேட்டிருக்க வேண்டிய கேள்விங்க. மனஅழுத்த மாத்திரைங்க சிலதோட சேந்தா செரட்டோனின்ங்கிற மூளை ரசாயனத்தோட அளவு ஏறி ஆபத்தாகும், வலிப்பு இருக்குறவங்களுக்கு ட்ரமடாலே வலிப்பைக் கிளப்பலாம், தூக்க மாத்திரையோ மதுவோ சேந்தா மூச்சு மந்தமாகி நின்னு போகக்கூட வாய்ப்பிருக்கு. யாரும் கேக்கலன்னா நாமளா சொல்லிடணும்.

வீட்டுக்கு வந்தப்புறம் லீவு நிறைய மிச்சம், குப்புறப் படுத்துக்கிட்டே இதப்பத்தி நிறைய படிச்சேன். ஆபரேஷன் பண்ண இடத்துல வலிக்கிறது பெரும்பாலும் வீக்கத்தால, அறுபட்ட திசு ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒரு சரக்கை உற்பத்தி பண்ணுது, அது நரம்பு முனையை உசுப்பி விடுது. ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைங்க அந்த உற்பத்தியையே நிறுத்துது, ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்யுதுன்னு 1971ல ஜான் வேன் கண்டுபிடிச்சு 1982ல நோபல் பரிசுல பங்கு வாங்கினாரு. ஓப்பியாய்டு அந்த இடத்துக்குப் போறதை விட மூளையிலயும் தண்டுவடத்துலயும் போய் "வலிக்குது"ங்கிற சேதியை அமுக்குது, அதான் எனக்கு அடுத்த ரூம் டிவி மாதிரி இருந்துச்சு, வீக்கம் வீக்கமாவே கெடந்துச்சு. அதே ஓப்பியாய்டு ஒட்டிக்கிற இடங்க குடல்லயும் இருக்கு, அங்க போய் ஒட்டிக்கிட்டா குடலோட அசைவு மந்தமாயிடும். வாந்தி மயக்கமெல்லாம் சில நாள்ல ஒடம்புக்குப் பழகிடும், மலச்சிக்கல் மட்டும் பழகறதில்லையாம். அதனால ஓப்பியாய்டு மொத மாத்திரையோடயே மலமிளக்கியும் ஆரம்பிக்கணும், அடைச்சப்புறம் இல்ல. என் தாள்ல லாக்டுலோஸ் ஏன் இருந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. ட்ரமடாலும், அதே ஓப்பியாய்டு வகையைச் சேந்த கோடீனும் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலையும் செய்யாது, கல்லீரல்ல இருக்குற ஒரு என்சைம் அதை மாத்தினாத்தான் முழு வேகம் கிடைக்கும், அந்த என்சைம் சிலருக்குப் பிறவியிலயே மந்தம், அவங்களுக்கு மாத்திரை போட்டும் வலி குறையாது, சிலருக்கு அதிவேகம், அவங்களுக்கு சாதாரண டோஸே ஓவர்டோஸ் மாதிரி ஆயிடும்.

பெரிய மாத்திரைன்னா பெரிய பலன்னு நான் நம்பினது எவ்வளவு தப்புன்னு எண்கள்ல பாத்தப்போதான் உறைச்சுது. காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளை ஒண்ணு சேத்து அலசுற அமைப்பு ஒண்ணு இருக்கு. ஆபரேஷன் வலிக்கு ஒரே ஒரு டோஸ் குடுத்தா, வெறும் டம்மி மாத்திரையைவிட எத்தனை பேருக்குக் கூடுதலா வலி பாதியாவது குறையுதுன்னு கணக்கு போட்டிருக்காங்க, அதுல நிறைய கடவாய்ப் பல் எடுத்தவங்களை வெச்சு பண்ண ஆய்வு. கோடீன் 60 மில்லிகிராம் மட்டும் குடுத்தா 12 பேருக்கு ஒருத்தர். ஐபுப்ரோஃபென் 400 மட்டும் குடுத்தா 5 பேருக்கு ரெண்டு பேர். ஐபுப்ரோஃபென் 400ஐயும் பாராசிட்டமால் 1000ஐயும் சேத்துக் குடுத்தா 3 பேருக்கு ரெண்டு பேர். நான் காய்ச்சல் மாத்திரை, கிட்னி மாத்திரைன்னு கவருக்குள்ள தள்ளி வெச்ச ஜோடிதான் அது. 2022ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஒரு அலசல்ல 47 ஆய்வு, 6607 நோயாளிங்க, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போறப்போ ஓப்பியாய்டு குடுத்தவங்களுக்கும் குடுக்காதவங்களுக்கும் வலியில சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல, வாந்தி, மலச்சிக்கல், தலைசுத்தல் மாதிரி தொந்தரவு மட்டும் ஓப்பியாய்டு பக்கம் கூட. அதுல எல்லாமே சின்ன, நடுத்தர ஆபரேஷன்தான், அதனால நெஞ்சைத் திறக்கிற மாதிரி பெரிய ஆபரேஷனுக்கு இதை அப்படியே பொருத்திப் பாக்கக் கூடாது.

சரி, எமர்ஜென்சிக்கு வரேன். டாக்டர் எனிமா வேண்டாம், புண் பச்சையா இருக்குன்னு சொல்லி குடிக்கிற மலமிளக்கியை டோஸ் கூட்டிக் குடுத்தாரு, ட்ரமடாலை நிறுத்திட்டு பாராசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் மணி பாத்து போடச் சொன்னாரு. எனக்கு நம்பிக்கையே இல்ல, ட்ரமடாலுக்கே அடங்காத வலி இதுக்கா அடங்கப் போகுதுன்னு. நர்ஸ் என் தாளுக்குப் பின்னாடி ஒரு கடிகாரம் வரைஞ்சு நேரம் எழுதிக் குடுத்தாங்க, காலை 6 பாராசிட்டமால், 8 மணிக்கு சாப்பிட்டதும் ஐபுப்ரோஃபென், 12 பாராசிட்டமால், இப்படி ரெண்டும் மாறி மாறி. வலிச்சாலும் வலிக்காட்டியும் மொத மூணு நாள் விடக் கூடாது, வலி ஏறினப்புறம் துரத்திப் புடிக்கிறது கஷ்டம்னாங்க. அன்னிக்கு ராத்திரி பெரிசா ஒண்ணும் தெரியல. மறுநாள் மத்தியானம் அடுத்தடுத்து மூணு நாலு டோஸ் உள்ள போனப்புறம் கவனிச்சேன், நான் நேரா நடக்கிறேன், பாத்திரம் கழுவுறேன். பத்துக்கு எட்டா இருந்த வலி நாலுக்கு வந்திருந்துச்சு. மிதப்பு எதுவும் கிடையாது, அது உண்மை, வலி கொஞ்சம் இருக்கு, அது என் வலியாவே இருக்கு. ஆனா தலை தெளிவா இருந்துச்சு. ரெண்டு மாத்திரைங்களுக்கும் இப்படி ஒரு குணம், குடுக்கிறது கொஞ்சம் கொஞ்சமாத்தான், ஆனா குடுத்ததைத் திருப்பிப் புடுங்காது.

அன்னிக்கு சாயங்காலம் மோஷன் வந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடி மரப்பு ஜெல்லி தடவி, காலுக்குக் கீழ ஒரு சின்ன முக்காலி வெச்சு, துண்டு மாட்டுற கம்பியைப் புடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கிட்டே. வலிச்சுதா? வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன், கண்ணு இருட்டுச்சு. ஆனா முடிஞ்சதும் டப்புல மிதமான வெந்நீர் ஊத்தி கால் மணி நேரம் உக்காந்தேன் பாருங்க, நாலு நாளா வயித்துல கட்டித் தொங்கவிட்ட கல்லு எறங்கின மாதிரி இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி காயம் எரிச்சல் தாங்காம ஒரே ஒரு ட்ரமடால் போட்டேன், டாக்டர் அனுமதியோடதான், ரெண்டு நாள் கழிச்சு இன்னொண்ணு. எஸ்ஓஎஸ்ன்னா இப்படித்தான் போல. அதனால ஓப்பியாய்டு கெட்டது, யாரும் தொடாதீங்கன்னு நான் சொல்ல வரல. அதோட எடம் கடைசி எடம், நான் அதைத் தூக்கி மொத எடத்துல உக்கார வெச்சேன்.

இந்தப் பக்கமும் எல்லாருக்கும் ஒத்துக்காதுங்கிறதையும் சொல்லிடணும், இல்லன்னா யாராவது இதைப் படிச்சிட்டு ஐபுப்ரோஃபென் வாங்கி முழுங்கிடுவீங்க. வயித்துல அல்சர் இருந்தவங்க, கிட்னி கோளாறு, இதய நோய் உள்ளவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க, ஆஸ்பிரின் போட்டா வீசிங் வர்ற ஆஸ்துமாக்காரங்க, கர்ப்பத்துல பாதி தாண்டினவங்க, இவங்கெல்லாம் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையை டாக்டர் சொல்லாம தொடக் கூடாது. நான் கேள்விப்பட்ட கிட்னி பயம் முழுக்கப் பொய் இல்ல, அது இப்படிப்பட்டவங்களுக்கும், நல்லா தண்ணி குடிக்காம மாசக்கணக்குல தானா வாங்கி முழுங்குறவங்களுக்கும். கிட்னி நல்லா இருக்குற ஒருத்தர் டாக்டர் சொன்ன அளவுல நாலஞ்சு நாள் சாப்பிட்டதும் போடுறது வேற. எனக்கு ரத்தக் கசிவு எப்படி இருக்குன்னு பாத்துட்டுத்தான் அதையே தொடரச் சொன்னாங்க. ஓப்பியாய்டும் இல்லாம இந்த வகையும் இல்லாம மூணாவதா ஒண்ணு கூட வந்திருக்கு, சுசெட்ரிஜின்னு பேரு, நரம்புல வலிச் சேதி போற வழியை மட்டும் அடைக்குதாம், 2025 ஜனவரில அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. சோதனையில டம்மி மாத்திரையை ஜெயிச்சிருக்கு, ஆனா அங்க ஆபரேஷனுக்கப்புறம் வழக்கமா குடுக்கிற ஓப்பியாய்டு கலவையை ஜெயிக்கல. நம்ம மாதிரி ஆளுக்கு பழைய ஜோடியே போதும்னு எனக்குப் படுது.

இதுல சொல்லக் கூச்சமான ஒரு விஷயம் பாக்கி இருக்கு. ட்ரமடாலை நிறுத்தின மொத ரெண்டு நாள் ராத்திரி ஒன்பது மணியானா மனசு அந்த அட்டைப் பக்கமே போச்சு. வலி மூணுதான் இருக்கும், ஆனா கை நீளும். வலிக்காக இல்ல, அந்த மிதப்புக்காக. தூக்கம் வேற வரல, கால் பரபரன்னு இருந்துச்சு. நாலே நாள்தான் போட்டிருக்கேன், அதுக்கே இப்படி. 2017ல அமெரிக்காவுல 36,000 பேருக்கு மேல வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுக்கு முன்னாடி ஓப்பியாய்டு பழக்கமே இல்லாதவங்க, சின்ன ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல 5.9 சதவீதம் பேர் மூணு மாசம் தாண்டியும் ஓப்பியாய்டு வாங்கிக்கிட்டு இருந்தாங்க, பெரிய ஆபரேஷன்ல 6.5 சதவீதம். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல பாருங்க, ஆபரேஷன் எவ்வளவு பெரிசுங்கிறதுக்கும் மாத்திரை ஒட்டிக்கிறதுக்கும் சம்பந்தம் கம்மி. அந்த ஆய்வுல சின்ன ஆபரேஷன் பட்டியல்ல பைல்ஸும் இருக்கு. ஒன்பது மணிக்கு நீண்ட என் கையை நினைச்சுக்கிட்டேன்.

நஷ்டக் கணக்கு கேட்டா, பத்து நாள் லீவு பத்தொன்பது நாள் ஆச்சு, அதுல ஆறு நாள் சம்பளம் இல்லாத லீவு. எமர்ஜென்சி பில் ஆபரேஷன் செலவுல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு, இன்சூரன்ஸ்ல அது வராதுன்னுட்டாங்க. முக்கினதுல தையல் ஒண்ணு விட்டுப்போய் காயம் ஆற ரெண்டு வாரம் கூட ஆச்சு. இவ்வளவும், பிரிக்காத ஒரு சிரப் பாட்டிலுக்காகவும் கேக்காத ஒரு கேள்விக்காகவும். அந்த அவசரமா பேசிட்டுப் போன பொண்ணு மேல மொதல்ல பயங்கரக் கோவம் இருந்துச்சு, மயக்கத்துல இருக்குறவன்கிட்ட சொல்லி என்ன புண்ணியம், இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா தலையை ஆட்டினது நான்தான். உங்களுக்கு ஆபரேஷன்னா டிஸ்சார்ஜ் நேரத்துல கூட ஒருத்தரை வெச்சுக்கோங்க, அது முடியலன்னா போன்ல ஸ்பீக்கர் போட்டு வீட்டுல யாரையாவது கேக்க விடுங்க, இல்ல ரெக்கார்டாவது பண்ணிக்கோங்க. இதுல எதை மணி பாத்து போடணும், எதைத் தாங்க முடியலன்னா மட்டும் போடணும், மோஷனுக்கு மாத்திரை எப்பலேருந்து, எத்தனை நாள் மோஷன் வரலன்னா போன் பண்ணணும், எந்த நம்பருக்கு, இவ்வளவு கேட்டா போதும். காய்ச்சல், நிக்காத ரத்தம், யூரின் அடைப்பு, மூச்சு மந்தம், எழுப்பினா எழுந்திருக்க முடியாத தூக்கம், இதுல எது வந்தாலும் மாத்திரையைக் கூட்டிப் பாக்காம நேரா ஆஸ்பத்திரி.

மிச்சம் நாலு ட்ரமடால் ரொம்ப நாள் டிராயர்ல கெடந்துச்சு, எதுக்காவது உதவும்னு. அக்கா ஒரு நாள் போன்ல முதுகுவலின்னு சொன்னப்போ "எங்கிட்ட நல்ல மாத்திரை ஒண்ணு இருக்கு"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, அவளுக்கு மனஅழுத்த மாத்திரை ஓடிக்கிட்டு இருக்குன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. போனை வெச்சதும் சட்டையை மாட்டிக்கிட்டு மருந்துக்கடைக்குப் போய் நாலையும் குடுத்துட்டேன். கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "காசு திருப்பித் தர மாட்டோம் சார்"ன்னாரு. வேண்டாங்க, நீங்க வெச்சுக்கிட்டாப் போதும்னேன்.